தட்டைமேடைச் சரக்குந்து ஓட்டுநர்

தட்டைமேடைச் சரக்குந்து ஓட்டுநர் என்பவர், பக்கச் சுவர்களோ கூரையோ இல்லாத திறந்த மேடையைக் கொண்ட பெரிய சரக்குந்தில் பொருட்களை நெடுந்தொலைவு எடுத்துச் செல்லும் தொழிலாளர் ஆவார். இவ்வகை ஊர்தி பேச்சுவழக்கில் பிளாட்பெட் என அழைக்கப்படுகின்றது. உலகின் பல நாடுகளில் இத்தொழில் உள்ளது எனினும், இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவில் உள்ள நிலையை விளக்குகின்றது.

மூடிய பெட்டி போன்ற டிரெய்லரை இழுக்கும் ஓட்டுநர் பெரும்பாலும் கதவைப் பூட்டியதும் தன் பயணத்தைத் தொடங்கிவிடலாம். தட்டைமேடை ஓட்டுநர் அவ்வாறு செய்ய இயலாது. சுமையைச் சங்கிலியாலும் பட்டையாலும் கட்டுவது, தார்ப்பாயால் மூடுவது, வழியில் இறங்கிச் சரிபார்ப்பது ஆகிய மூன்றும் அவருடைய பொறுப்பே. லாரிகளில் உடன் வரும் கிளீனர் போன்ற உதவியாளர் அமெரிக்கச் சரக்குந்துகளில் இல்லை. எனவே ஓட்டுநர் இவ்வேலைகளைப் பெரும்பாலும் தனியாகவே செய்கின்றார். வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்க வேண்டிய தொழில் ஆதலால், சிலர் தம் மனைவியையோ கணவரையோ வண்டியில் உடன் அழைத்துச் செல்கின்றனர். அதற்கும் சட்டம் விதிகளை வகுத்துள்ளது.

ஊர்தியின் அமைப்பு

இவ்வூர்தி இரு பகுதிகளைக் கொண்டது. முன்பகுதி, இயந்திரமும் ஓட்டுநர் அறையும் கொண்ட இழுவை வண்டி. பின்பகுதி, சரக்கை ஏற்றும் டிரெய்லர். நெடுந்தொலைவு செல்லும் இழுவை வண்டிகளில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்புறம் படுக்கையுடன் கூடிய சிறு அறை அமைந்திருக்கும்.

தட்டைமேடை டிரெய்லர் பொதுவாக 48 அல்லது 53 அடி நீளமும், 8.5 அடி அகலமும் உடையது. அதன் மேடை தரையிலிருந்து ஏறத்தாழ 5 அடி உயரத்தில் இருக்கும். பெரும்பாலான மாநிலங்களில் ஊர்தியின் மொத்த உயரம் 13 அடி 6 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே மேடையின் மீது சுமார் 8.5 அடி உயரம் வரையே சரக்கை ஏற்றலாம். அதனினும் உயரமான இயந்திரங்களுக்கு, முன்பகுதி உயர்ந்தும் பின்பகுதி தாழ்ந்தும் அமைந்த படிமேடை டிரெய்லர் பயன்படுகின்றது. இதில் ஏறத்தாழ 10 அடி உயரமான சரக்கை ஏற்றமுடியும். மண் வாரும் எந்திரம் போன்றவற்றுக்குத் தரையை ஒட்டிய தாழ்மேடை டிரெய்லர்கள் உள்ளன.

மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில், சிறப்பு அனுமதி இல்லாத ஊர்தியின் மொத்த எடை 80,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 36,300 கிலோகிராம் வரை இருக்கலாம். ஓர் இரட்டை அச்சின் மீது 34,000 பவுண்டுக்கு மேல் எடை விழக்கூடாது. ஊர்தியின் எடையைக் கழித்தால், சரக்குக்கு ஏறத்தாழ 48,000 பவுண்டு எஞ்சும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும், சரக்கை மேடையில் தவறான இடத்தில் வைத்தால் ஓர் அச்சின் எடை வரம்பை மீறிவிடும். எனவே சரக்கு மேடையின் எந்த இடத்தில் அமர வேண்டும் என்பதை ஓட்டுநரே கணித்துச் சொல்ல வேண்டும்.

ஏற்றப்படும் சரக்குகள்

கூரையும் சுவரும் இல்லாமை இவ்வூர்தியின் குறை அன்று. அதுவே அதன் பயன் ஆகும். பாரந்தூக்கியால் மேலிருந்தும், கவைத்தூக்கியால் இரு பக்கங்களிலிருந்தும் சரக்கை ஏற்றி இறக்கலாம். பின்கதவு வழியாக மட்டுமே ஏற்றக்கூடிய மூடிய டிரெய்லரில் இது இயலாது.

எஃகுச் சுருள்கள், உத்தரங்கள், குழாய்கள், அறுத்த மரம், செங்கல், கூரை ஓடுகள், ஜிப்சம் பலகைகள், உழவு இயந்திரங்கள் முதலியன இதில் செல்லும் முதன்மையான சரக்குகள். இந்தியானா மாநிலத்தின் கேரி நகரைச் சுற்றியுள்ள எஃகு ஆலைகள், ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் மர ஆலைகள், டெக்சஸ் மாநிலத்தின் எண்ணெய் வயல்கள் ஆகியவை இத்தொழிலுக்கு வேலை தரும் இடங்களுள் குறிப்பிடத்தக்கவை. கட்டுமானத் தொழில் தளரும்போது தட்டைமேடை ஓட்டுநர்களின் வேலையும் குறைகின்றது.

8.5 அடிக்கு மேற்பட்ட அகலமுள்ள சரக்கு, அளவு மீறிய சுமை எனப்படும். அது கடந்து செல்லும் ஒவ்வொரு மாநிலத்திடமும் தனித்தனியே அனுமதி பெறவேண்டும். பல மாநிலங்கள் இத்தகைய சுமைகளைப் பகலில் மட்டுமே அனுமதிக்கின்றன. மிகப் பெரிய சுமைகளுக்கு முன்னும் பின்னும் வழிகாட்டும் கார்கள் செல்வது கட்டாயம்.

சுமையைக் கட்டுதல்

சுமையைக் கட்டுவதற்கான விதிகளை நடுவண் மோட்டார் சரக்கூர்திப் பாதுகாப்பு நிருவாகம் நடைமுறைப்படுத்துகின்றது. இவ்விதிகள் 2002 ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டு, 2004 சனவரி முதல் கட்டாயமாயின.

இவ்விதிகளின் அடிப்படை எளிய இயற்பியலே ஆகும். ஓடும் வண்டி திடீரென நிற்கும்போது, அதன் மீதுள்ள சரக்கு நிலைமத்தின் காரணமாகத் தொடர்ந்து முன்னோக்கி நகர முயலும். கட்டுகள் முன்னோக்கி 0.8 ஜி, பின்னோக்கி 0.5 ஜி, பக்கவாட்டில் 0.5 ஜி அளவிலான முடுக்கங்களைத் தாங்க வேண்டும் என விதி கூறுகின்றது. இங்கு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம். 42,000 பவுண்டு எடையுள்ள எஃகுச் சுருள் ஒன்றை எடுத்துக்கொண்டால், கடுமையாகத் தடை போடும்போது அது 33,600 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 15 டன் எடைக்கு ஈடான விசையுடன் ஓட்டுநர் அறையை நோக்கி உந்தும். அறைக்குப் பின்னால் பொருத்தப்படும் அலுமினியத் தடுப்பு, சங்கிலிகளை மாட்டவும் சிறு பொருட்கள் வந்து மோதாமல் காக்கவும் உதவும். ஆனால் இத்தகைய சுருளை அதனால் நிறுத்த இயலாது. அதைத் தடுத்து நிறுத்த வேண்டியவை சங்கிலிகளே.

எத்தனை கட்டுகள் தேவை என்பதை இரண்டு கணக்குகள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, எடைக் கணக்கு. எல்லாக் கட்டுகளின் பாதுகாப்பான சுமைத் திறன்களையும் கூட்டினால், அது சரக்கின் எடையில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் தொடங்கிச் சரக்கின் மேலாகச் சென்று மறுபக்கத்தில் முடியும் கட்டின் திறன் முழுமையாகக் கணக்கில் வரும். மேடையிலிருந்து சரக்கிலேயே சென்று முடியும் கட்டின் திறனில் பாதி மட்டுமே கணக்கிடப்படும்.

இரண்டாவது, நீளக் கணக்கு. முன்புறம் தடுப்பு இல்லாத சரக்குக்கு, முதல் 10 அடிக்கு இரண்டு கட்டுகளும், அதன்பின் ஒவ்வொரு 10 அடிக்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஒரு கட்டும் வேண்டும். இரண்டு கணக்குகளில் எது பெரிய எண்ணைத் தருகின்றதோ அதையே பின்பற்ற வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 40 அடி நீளமும் 40,000 பவுண்டு எடையும் உள்ள ஓர் எஃகு உத்தரத்தைக் கொள்வோம். 4 அங்குல அகலமுள்ள பட்டைகள் பெரும்பாலும் 5,400 பவுண்டு திறன் கொண்டவை. எடையில் பாதியான 20,000 பவுண்டை எட்ட நான்கு பட்டைகள் போதும். ஆனால் நீளக் கணக்கின்படி, முதல் 10 அடிக்கு இரண்டும் மீதி 30 அடிக்கு மூன்றுமாக ஐந்து கட்டுகள் தேவை. ஆகவே ஐந்தே சட்டப்படியான குறைந்த அளவு. அனுபவமுள்ள ஓட்டுநர்கள் இதனினும் ஒன்றிரண்டு கூடுதலாகவே கட்டுகின்றனர்.

எஃகு போன்ற கனமான பொருட்களுக்குச் சங்கிலியே ஏற்றது. எழுபதாம் தரம் எனப்படும், மஞ்சள் பூச்சுள்ள 3/8 அங்குலச் சங்கிலியின் திறன் 6,600 பவுண்டு. சங்கிலியை இறுக்குவதற்கு நெம்புகோல் வகையும் பற்சக்கர வகையுமாக இருவகை இறுக்கிகள் உண்டு. நெம்புகோல் வகை விரைவானது. ஆயினும் இறுகிய கைப்பிடி திடீரென எகிறி முகத்திலோ கையிலோ தாக்கும் இடர் அதில் உண்டு. கூர்மையான விளிம்புகள் பட்டையை அறுத்துவிடாதபடி விளிம்புக் காப்புகளை இட வேண்டியதும் கட்டாயம்.

5,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடையுள்ள எஃகுச் சுருள்களுக்குத் தனி விதிகள் உள்ளன. சுருளின் நடுத்துளை வானை நோக்கி, பக்கத்தை நோக்கி, வண்டியின் நீளவாக்கில் என மூன்று நிலைகளில் ஏற்றப்படலாம். ஒவ்வொரு நிலைக்கும் கட்டும் முறை வேறு. துளை பக்கத்தை நோக்கியிருக்கும் நிலையில், கட்டு அறுந்தால் சுருள் நேராக ஓட்டுநர் அறையை நோக்கி உருளும். இதனால் ஓட்டுநர்கள் இந்நிலையைத் தற்கொலை நிலை என்றே குறிப்பிடுவர்.

கட்டியதோடு வேலை முடிவதில்லை. புறப்பட்ட முதல் 50 மைல்களுக்குள் ஒருமுறையும், அதன்பின் பணிநிலை மாறும்போது அல்லது 3 மணி நேரம் அல்லது 150 மைல், இவற்றுள் எது முதலில் வருகின்றதோ அப்பொழுதும் கட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். ஓட்டத்தின் அதிர்வில் மரக்கட்டுகள் அமுங்கிப் பட்டைகள் தளர்வது இயல்பானது என்பதே இவ்விதிக்குக் காரணம்.

தார்ப்பாய் மூடுதல்

மழை, பனி, சாலை உப்பு ஆகியவற்றால் கெடக்கூடிய சரக்குகளைத் தார்ப்பாயால் மூட வேண்டும். எஃகுக்கான தார்ப்பாய் பக்கங்களில் 4 அடியளவும், மரத்துக்கான தார்ப்பாய் 8 அடியளவும் தொங்கும். மரத்துக்கான தார்ப்பாய் ஒன்று 100 பவுண்டுக்கு மேல், அதாவது 45 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது. ஒரு முழுச் சுமைக்கு இத்தகைய தார்ப்பாய்கள் குறைந்தது இரண்டு வேண்டும்.

இத்தொழிலில் ஓட்டுநர்களைக் காயப்படுத்தும் முக்கியமான வேலை இதுவே. மேடை 5 அடி உயரம், சுமை 8 அடி உயரம் எனில், அவர் 13 அடி உயரத்தில் வழுக்கும் பரப்பின் மீது நின்று விரிக்க வேண்டியிருக்கும். காற்றில் உப்பிய தார்ப்பாய் மனிதரைத் தூக்கி எறிந்துவிடும். இதனால் சில ஆலைகள் கூரையுள்ள தார்ப்பாய்க் கூடங்களையும், விழாமல் காக்கும் கச்சைகளையும் ஏற்பாடு செய்துள்ளன. மேடையின் மீது வளைவுச் சட்டங்களில் முன்னும் பின்னும் நகரும் திரை அமைந்த கோனஸ்டோகா வகை டிரெய்லரில் ஏறி விரிக்கும் வேலை இல்லை. ஆனால் அதன் விலையும் எடையும் கூடுதல்.

காற்றைப் பொறுத்தவரை தட்டைமேடைக்கு ஒரு நன்மையும் உண்டு. வயோமிங் மாநிலத்தில் இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலையில் வீசும் கடுங்காற்றில், சரக்கில்லாத மூடிய டிரெய்லர்கள் கவிழ்வது உண்டு. அதே சாலையில் வெறும் தட்டைமேடை காற்றுக்கு அதிகப் பரப்பைக் காட்டுவதில்லை.

ஓட்டுநராவதற்கான தகுதிகள்

1986 ஆம் ஆண்டின் வணிக மோட்டார் ஊர்திப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையில், இத்தகைய ஊர்திகளை ஓட்ட ஏ வகுப்பு வணிக ஓட்டுநர் உரிமம் தேவை. மாநிலம் விட்டு மாநிலம் செல்ல 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 பெப்ரவரி முதல், புதிதாக உரிமம் பெறுவோர் பதிவு பெற்ற பயிற்சியாளரிடம் பயின்றிருப்பது கட்டாயமாக்கப்பட்டது. அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். சுமை கட்டுவதற்கெனத் தனி உரிமம் இல்லை. அதை நிறுவனங்கள் தம் பயிற்சியில் கற்பிக்கின்றன.

பணிநேர விதிகள்

சோர்வினால் நேரும் விபத்துகளைத் தடுக்க, ஓட்டுநர் பணிநேரம் வரையறுக்கப்பட்டுள்ளது. முதன்மையான விதிகள் பின்வருமாறு:

- தொடர்ச்சியாக 10 மணி நேரம் ஓய்வெடுத்த பின் அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம்.
- பணி தொடங்கியதிலிருந்து 14 மணி நேரம் கடந்தபின் ஓட்டக்கூடாது. இடையில் காத்திருந்த நேரமும் இந்த 14 மணிக்குள் அடங்கும்.
- 8 மணி நேரம் ஓட்டியபின் 30 நிமிட இடைவேளை கட்டாயம்.
- வாரம் முழுதும் இயங்கும் நிறுவனங்களில், 8 நாட்களில் 70 மணி நேரப் பணிக்குப் பின் ஓட்டக்கூடாது. தொடர்ச்சியாக 34 மணி நேரம் ஓய்வெடுத்தால் இக்கணக்கு மீண்டும் தொடங்கும்.

2017 திசம்பர் முதல் பெரும்பாலான ஊர்திகளில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமானது. அதற்கு முன் ஓட்டுநர்கள் தாள் பதிவேட்டில் நேரத்தைக் குறித்து வந்தனர்.

ஒரு பயணத்தின் கணக்கு

இவ்விதிகள் நடைமுறையில் எவ்வாறு அமைகின்றன என்பதை ஒரு மாதிரிப் பயணத்தின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். கேரி நகரிலிருந்து டெக்சஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகருக்குச் சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 1,080 மைல், அதாவது 1,740 கிலோமீட்டர்.

ஓட்டுநர் காலை 6 மணிக்கு ஆலை வாயிலில் பணியைத் தொடங்குகின்றார் எனக் கொள்வோம். வரிசையில் காத்திருந்து சுருளை ஏற்ற மூன்று மணி நேரமும், சங்கிலி கட்டித் தார்ப்பாய் மூட ஒரு மணி நேரமும் ஆனால், அவர் புறப்படும்போது மணி 10. பதினான்கு மணி நேர எல்லை இரவு 8 மணிக்கு முடிகின்றது. இடைவேளை, சரிபார்ப்பு, எரிபொருள் ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரம் போக, ஓட்டுவதற்குக் கிடைப்பது 9 மணி நேரமே. சராசரியாக மணிக்கு 55 மைல் எனில் ஏறக்குறைய 500 மைல் கடந்து, மெம்பிஸ் நகரை நெருங்கலாம். மறுநாள் முழுமையாக 11 மணி நேரம் ஓட்டினால் ஹியூஸ்டன் எல்லையை அடையலாம். சரக்கை இறக்குவது மூன்றாம் நாள் காலையில்தான்.

ஆக, சட்டம் முதல் நாளில் 11 மணி நேரம் ஓட்ட அனுமதித்தாலும், ஆலையில் கழிந்த நேரம் அதில் இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. இந்த இழப்பு யாருடையது என்பது ஊதிய முறையைப் பார்த்தால் விளங்கும்.

ஊதியம்

நெடுந்தொலைவு ஓட்டுநர்கள் பெரும்பாலும் ஓட்டிய மைல் கணக்கிலோ, சரக்குக் கட்டணத்தில் ஒரு விழுக்காடாகவோ ஊதியம் பெறுகின்றனர். தட்டைமேடை ஓட்டுநர்களுக்குத் தார்ப்பாய் மூடுவதற்கென ஒரு தொகை தனியாகத் தரப்படுவது வழக்கம். ஏற்றுமிடத்திலோ இறக்குமிடத்திலோ காத்திருக்கும் நேரத்துக்கு, முதல் இரண்டு மணி நேரம் கழிந்த பின்னரே பொதுவாகத் தாமதக் கட்டணம் தொடங்கும்.

1938 ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரச் சட்டம், மாநிலங்களுக்கிடையே ஓட்டும் சரக்குந்து ஓட்டுநர்களுக்கு மிகைநேர ஊதியத்திலிருந்து விலக்கு அளித்தது. வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தாலும், ஒன்றரை மடங்கு ஊதியம் தரவேண்டிய கடமை நடுவண் சட்டப்படி முதலாளிக்கு இல்லை. இவ்விலக்கை நீக்க 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் காங்கிரசில் முன்வைக்கப்பட்ட மசோதாக்கள் அக்காங்கிரசுகளின் காலத்தில் சட்டமாகவில்லை.

காத்திருப்பதால் ஏற்படும் தாமதம் வாடகைச் சரக்குந்து ஓட்டுநர்களின் வருவாயை ஆண்டொன்றுக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை குறைக்கின்றது என, அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018 இல் மதிப்பிட்டது. ஏற்றி இறக்கும் இடத்தில் 15 நிமிடம் கூடுதலாகச் செலவானால் விபத்து வீதம் 6.2 விழுக்காடு உயர்வதாகவும் அவ்வறிக்கை குறிப்பிட்டது. இழந்த நேரத்தை ஈடுகட்ட ஓட்டுநர் விரைவதும், களைத்த நிலையில் ஓட்டுவதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

கனரகச் சரக்குந்து ஓட்டுநர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2023 மே மாதத்தில் 54,320 டாலராக இருந்தது எனத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் தெரிவிக்கின்றது. இது எல்லா வகைக் கனரக ஊர்திகளுக்கும் பொதுவான எண்ணாகும்.

1980 ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்திச் சட்டம் சரக்குக் கட்டணக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதைத் தொடர்ந்து, சிறு நிறுவனங்களும் சொந்த வண்டி ஓட்டுநர்களும் தொழிலில் நுழைவது எளிதாயிற்று. சொந்த வண்டி வைத்திருப்பவர் சுமைகளைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எரிபொருள், பழுது, காப்பீடு, கடன் தவணை அனைத்தும் அவரையே சாரும்.

வண்டியில் வாழ்க்கை

நெடுந்தொலைவு ஓட்டுநர் ஒருவர் இரண்டு மூன்று வாரங்கள் தொடர்ந்து சாலையில் இருப்பது வழக்கம். ஆலைகளும் கட்டுமானத் தளங்களும் வார இறுதியில் மூடப்படுவதால், குறிப்பிட்ட வட்டாரத்துக்குள் ஓடும் தட்டைமேடை ஓட்டுநர்கள் சிலர் வாரந்தோறும் வீடு திரும்புகின்றனர்.

விதிப்படி படுக்கை குறைந்தது 75 அங்குல நீளமும் 24 அங்குல அகலமும் கொண்டிருக்க வேண்டும். நடைமுறையில் இதனினும் பெரியவையே மிகுதி. இரண்டு அடுக்குப் படுக்கை, சிறு குளிர்பதனப் பெட்டி, நுண்ணலை அடுப்பு ஆகியன பல வண்டிகளில் உள்ளன. கழிப்பறையும் குளியலறையும் பெரும்பாலான வண்டிகளில் இல்லை. அவற்றுக்கு நெடுஞ்சாலையோர ஓய்வு நிலையங்களையே நம்ப வேண்டும். குறிப்பிட்ட அளவு டீசல் நிரப்பும் ஓட்டுநருக்குக் குளியலறை இலவசம்.

இரவில் வண்டியை நிறுத்த இடம் கிடைப்பது பெரும் சிக்கலாகும். 2009 மார்ச்சில் ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர், சரக்கை இறக்கும் நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டதால், தென் கரோலினாவில் கைவிடப்பட்ட எரிபொருள் நிலையம் ஒன்றில் வண்டியை நிறுத்தி ஓய்வெடுத்தார். அங்கு அவர் கொள்ளையனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி ஹோப் ரிவன்பர்க் பாதுகாப்பான நிறுத்துமிடங்களுக்காகத் தொடர்ந்து போராடினார். அதன் பயனாக 2012 இல் ஜேசன் சட்டம் என அறியப்படும் பிரிவு நெடுஞ்சாலை நிதிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. நிறுத்துமிடங்களைக் கட்ட நடுவண் நிதியைப் பயன்படுத்தவும், மாநிலங்களில் உள்ள இடப்பற்றாக்குறையைக் கணக்கெடுக்கவும் அது வழிசெய்தது.

உடல்நலமும் இத்தொழிலில் பாதிப்படைகின்றது. தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 2010 இல் நெடுந்தொலைவு ஓட்டுநர்களிடம் நடத்திய ஆய்வில், 69 விழுக்காட்டினர் மிகைப்பருமன் உடையவர்களாகவும், 51 விழுக்காட்டினர் புகைப்பவர்களாகவும் இருந்தனர். தட்டைமேடை ஓட்டுநருக்கு உடலுழைப்பு கூடுதல். ஆயினும் பல மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்து, இறங்கியவுடன் 45 கிலோகிராம் தார்ப்பாயைத் தூக்குவது முதுகுக்கும் தோளுக்கும் உகந்ததன்று.

துணைவரை உடன் அழைத்துச் செல்லுதல்

இப்பிரிவைக் குறைக்கும் வழியாகச் சில ஓட்டுநர்கள் தம் துணைவரை வண்டியில் அழைத்துச் செல்கின்றனர். குழந்தைகள் வளர்ந்துவிட்ட தம்பதியரும், குழந்தைகள் இல்லாத இளம் தம்பதியரும் இவ்வழியை எளிதாகத் தேர்ந்தெடுக்கலாம்.

சட்டமும் அனுமதியும்

நடுவண் விதியின்படி, சரக்குந்து நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி இன்றி வேறு எவரையும் வண்டியில் ஏற்றிச் செல்லக்கூடாது. அவ்வனுமதியில் பயணியின் பெயர், பயணம் தொடங்கும் இடம், முடியும் இடம், அனுமதி காலாவதியாகும் நாள் ஆகியவை இருக்க வேண்டும். மனைவி அல்லது கணவர் என்பதால் இதிலிருந்து விலக்கு இல்லை. தம் பெயரிலேயே இயக்க உரிமை பெற்ற சொந்த வண்டி ஓட்டுநர் தாமே நிறுவனமாகக் கருதப்படுவார். ஆனால் வேறொரு நிறுவனத்தின் உரிமையின் கீழ் ஒப்பந்தத்தில் ஓடுபவர், வண்டி தமதே ஆயினும், அந்நிறுவனத்திடம் அனுமதி பெறவேண்டும்.

நிறுவனங்கள் இதற்கெனத் தனி விதிகளை வைத்துள்ளன. பயணிக்கான விபத்துக் காப்பீட்டுக் கட்டணத்தை ஓட்டுநரிடம் பெறுவதும், புதிய ஓட்டுநருக்குச் சில மாதங்கள் வரை அனுமதி மறுப்பதும் பரவலான நடைமுறைகள். 2016 முதல் சரக்குந்துப் பயணியும் இருக்கைப் பட்டை அணிவது கட்டாயம். வண்டி ஓடும்போது படுக்கையில் இருப்பவர் தூக்கி எறியப்படாதவாறு தடுக்கும் கட்டமைப்பும் படுக்கையறையில் இருக்க வேண்டும்.

ஆலை வாயிலில்

தட்டைமேடை ஓட்டுநரின் துணைவர் எதிர்கொள்ளும் தனித்த சிக்கல் இதுவாகும். மூடிய டிரெய்லர்கள் செல்லும் கிடங்குகளில் பயணி பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே அமர்ந்திருக்கலாம். எஃகு ஆலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் தலைக்கவசம், கண்ணாடி, எஃகு முனைக் காலணி, நீண்ட கைச்சட்டை இல்லாமல் இறங்க இயலாது. சில ஆலைகள் பயணிகளை வாயிலுக்குள் அனுமதிப்பதே இல்லை. அவ்வேளைகளில் துணைவர் காவலர் அறை அருகிலோ, முன்கூட்டியே இறங்கிய ஓய்வு நிலையத்திலோ மணிக்கணக்கில் காத்திருக்க நேரிடும். ஆகவே ஒரு சுமையை ஏற்கும் முன், அந்த ஆலையின் பயணி விதியைக் கேட்டறிவது இத்தகைய ஓட்டுநர்களுக்கு இன்றியமையாதது.

உதவியும் அதன் இடரும்

ஒருவர் இழுத்துப் பிடிக்க மற்றவர் கட்டினால், தார்ப்பாய் வேலை விரைவில் முடியும். இதனால் துணைவர் உதவ முன்வருவது இயல்பு. ஆனால் அவர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். சுமையின் மீதிருந்து விழுந்தால், ஊழியர்களுக்குரிய விபத்து இழப்பீடு அவருக்குக் கிடைக்காது. பயணிக் காப்பீடு வேலையின்போது நேரும் காயத்தை ஏற்காமலும் போகலாம். பல நிறுவனங்கள் பயணிகள் சுமையைத் தொடுவதையே தடை செய்துள்ளதற்குக் காரணம் இதுவே. ஆபத்தில்லாத வேறு பல உதவிகள் உண்டு. வழி பார்த்தல், மாலையில் நிறுத்துமிடம் தேடுதல், கணக்குகளையும் அனுமதித் தாள்களையும் ஒழுங்குபடுத்தல், வண்டியிலேயே சமைத்தல் ஆகியன அவற்றுட் சில. ஓட்டுநர் கடை உணவை விட்டு வீட்டு உணவை உண்பதே உடல்நலத்துக்குப் பெரும் பயனாகும்.

உறக்கமும் தனிமையும்

இருவருக்குமாகச் சில சதுர மீட்டர் பரப்பே உள்ளது. ஓட்டுநரின் 10 மணி நேர ஓய்வு கலையாதபடி துணைவரும் தம் நாளை அமைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் உறங்கும்போது விளக்கும் பேச்சும் இயலா. உறக்கம் குறைந்த ஓட்டுநர் இருவரின் உயிருக்கும் இடர் என்பதால், இது வெறும் நாகரிகம் சார்ந்த செய்தி அன்று. இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிரூட்டுவதைப் பல இடங்களில் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. கலிபோர்னியாவில் 2008 முதல் படுக்கை வசதியுள்ள வண்டிகளுக்கும் 5 நிமிட வரம்பு உள்ளது. எனவே துணை மின்னாக்கி பொருத்திய வண்டி இருவர் வாழ்வதற்குப் பெரிதும் உதவும்.

சண்டை நேர்ந்தால் விலகிச் செல்ல மற்றோர் அறை இல்லை என்பதையும் கருத வேண்டும். இதனால், வீட்டைக் காலி செய்து முழுமையாக வண்டிக்கு வருவதற்கு முன், ஓரிரு வாரங்கள் உடன் சென்று பார்ப்பது பயனுள்ளது.

வருமானம்

துணைவர் தம் வேலையை விட்டு வந்தால், குடும்பத்தின் ஒரு வருமானம் நிற்கின்றது. வீட்டு வாடகை அல்லது தவணை தொடர்கின்றது. துணைவரின் வேலைவழி மருத்துவக் காப்பீட்டைக் குடும்பம் நம்பியிருந்தால், அதுவும் போய்விடும். வண்டியில் இருக்கும் துணைவரின் நேரத்தைப் பதிவுக் கருவி கணக்கிடுவதில்லை; எவரும் அதற்கு ஊதியம் தருவதுமில்லை.

இருவர் ஓட்டும் முறை

இதற்கு மாற்றாகச் சில தம்பதியர் இருவருமே வணிக உரிமம் பெற்று, குழு ஓட்டுநர்களாக இயங்குகின்றனர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் படுக்கையில் ஓய்வெடுப்பார். இதனால் வண்டி ஒரு நாளில் 20 மணி நேரத்துக்கு மேல் ஓட முடியும். இருவரும் ஊழியர்களாதலால் ஊதியமும், இழப்பீட்டு உரிமையும் இருவருக்கும் உண்டு. தார்ப்பாயை இருவரும் சட்டப்படியே மூடலாம்.

எனினும் இம்முறை தட்டைமேடையில் முழுப் பயன் தருவதில்லை. ஆலைகளும் கட்டுமானத் தளங்களும் பெரும்பாலும் பகலிலேயே ஏற்றி இறக்குகின்றன. அளவு மீறிய சுமைகளுக்கு இரவுப் பயணத் தடையும் உண்டு. இரவு முழுதும் ஓட்டி விரைந்து சென்றாலும், விடியும்வரை வாயிலில் காத்திருக்க நேரிடும். மேலும், ஒருவர் எப்போதும் உறங்கிக்கொண்டும் மற்றவர் எப்போதும் ஓட்டிக்கொண்டும் இருப்பதால், சேர்ந்திருப்பதற்காக வந்த தம்பதியர் விழித்திருக்கும் நேரத்தில் சந்திப்பது குறைந்துவிடுகின்றது.

முடிவாக

தட்டைமேடை ஓட்டுநரின் வாழ்வு, சங்கிலியின் திறன், அச்சின் எடை, பதினான்கு மணி நேர எல்லை ஆகிய எண்களால் நுணுக்கமாக வரையறுக்கப்பட்டது. ஆலை வாயிலில் கழியும் மணி நேரமும், வீட்டில் இல்லாத நாட்களும் ஊதியக் கணக்கில் முழுமையாக இடம்பெறுவதில்லை. துணைவரை அழைத்துச் செல்வது அந்நாட்களைத் திருப்பித் தரக்கூடும். அதற்கான செலவையும் இடரையும் ஏற்பது பெரும்பாலும் அக்குடும்பமே ஆகும். இத்தொழிலையோ இவ்வாழ்க்கை முறையையோ தேர்ந்தெடுக்க எண்ணுபவர்கள், நிறுவனம் மைலுக்குத் தரும் தொகையை மட்டுமன்றி, காத்திருப்புக்கான கட்டணம், பயணி அனுமதி, காப்பீடு, வீடு திரும்பும் நாட்கள் ஆகியவற்றையும் ஒப்பந்தத்தில் எழுத்துமூலம் உறுதிசெய்துகொள்வது நன்று.